விழுவதற்கான உரிமை

நூறு வருடங்களுக்கு முன்பு பாறையேறிகளிடையே எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. முதலில் ஏறுகிறவர் விழக் கூடாது. கேட்பதற்கு ஏதோ ஆசிரியர் சொல்லும் அறிவுரை போல இருக்கும். ஆனால் அதன் பொருள் வேறு. விழுந்தால் நீ செத்துப்போவாய், கீழே கயிற்றைப் பிடித்திருப்பவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவாய் என்பதைத்தான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

இன்று எந்த ஊரிலும் ஏறுசுவர் உள்ள ஒரு கூடத்துக்குச் சனிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரே இடத்தில் இருபது முறை விழுவாள். ஒவ்வொரு முறையும் கயிற்றில் ஊஞ்சல் ஆடிவிட்டு, கையில் மக்னீசியப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறுவாள். விழுவது அங்கே ஒரு செய்தியே இல்லை.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? மனிதர்களுக்குத் தைரியம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் பழைய ஆட்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. நடுவில் நடந்தது பொறியியல். ஈரப்பதத்தை அளந்துகொண்டிருந்த ஓர் இயற்பியலாளர், சில கொல்லர்கள், சோவியத் சிறையில் இரண்டு வருடம் கழித்த ஒரு வடிவமைப்பாளர், விண்கலங்களின் பாதையைக் கணினியில் ஓட்டிப்பார்த்த ஒரு புரோகிராமர். இவர்கள் எல்லோருமே ஏறினார்கள். வார நாள்களில் செய்த வேலையின் மூளையை வார இறுதியில் பாறைக்கும் எடுத்துச் சென்றார்கள்.

நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், விடுமுறையில் பாறையைத் தேடிப் போகிறவன். அதனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பொறியாளன் தடை ஒன்றைச் சந்திக்கும்போது அவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. தடைக்கு ஏற்றபடி கருவியை மாற்றலாம். அல்லது தனக்கு ஏற்றபடி தடையை மாற்றலாம். பாறையேற்றத்தின் கருவி வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான். அதிலும் ஒரே மனிதர் இரண்டையும் செய்த ஒரு கட்டம் வருகிறது. அதற்குப் போவதற்கு முன் கயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கயிறு

ஏறும் முறை எளிமையானது. இரண்டு பேர். ஒருவர் முன்னால் ஏறுகிறார். கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில். கீழே இருப்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்திருக்கிறார். இந்தப் பிடிமானத்துக்கு ‘பிலே’ என்று பெயர். முன்னால் ஏறுபவர் வழியில் பாறை வெடிப்புகளில் எதையாவது மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைச் செலுத்துகிறார். கடைசியாக மாட்டிய பிடிமானத்திலிருந்து ஐந்து மீட்டர் மேலே போய்க் கை நழுவினால் பத்து மீட்டர் விழுவார். அங்கே கயிறு அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அந்தக் காலத்துக் கயிறுகள் சணல், மணிலா நார் போன்றவற்றால் ஆனவை. அவை அதிகம் நீளாது. நீளாத கயிறு விழும் ஆளைச் சட்டென்று நிறுத்தும். சட்டென்று நிறுத்தினால் கயிறு அறும், அல்லது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது விழுந்தவரின் முதுகெலும்பு போகும். எனவே ‘விழாதே’ என்பதைத் தவிர வேறு வழியில்லை.

1930களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் லியனார்ட் என்ற இளம் வழக்கறிஞரும் நண்பர்களும் இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் கிராக்மான்ட் என்ற சின்னப் பாறையில் ஏறி, வேண்டுமென்றே விழுந்து பழகினார்கள். பிடித்திருப்பவர் கயிற்றை இடுப்பைச் சுற்றி விட்டு, அடி விழும் நேரத்தில் கொஞ்சம் வழுக்க விடுவார். வண்டியில் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தாமல் மெல்ல மெல்லப் பிடிப்போமே, அதுபோல. கயிறு செய்யாத வேலையை மனித உடம்பின் உராய்வு செய்தது. 1934இல் யோசமிட்டியின் ஹையர் கதீட்ரல் ஸ்பயர் என்ற செங்குத்துக் கோபுரத்தில் முதன்முதலில் ஏறிய மூவரில் லியனார்டும் ஒருவர். அந்த ஏற்றத்துக்குப் பின்னால் இந்த விழுந்து பழகிய நாள்கள் இருந்தன.

பிறகு உலகப்போர் வந்தது. அதோடு நைலானும் வந்தது. நைலான் நீளும். இந்த இடத்தில்தான் ஆர்னால்ட் வெக்ஸ்லர் நுழைகிறார். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வானிலைக் கணக்குகளில் நீராவி அழுத்தத்துக்கு இன்றும் பயன்படும் ‘வெக்ஸ்லர் சமன்பாடு’ அவருடையதுதான். வார இறுதிகளில் பாறையேறி. 1946இல் லியனார்டும் அவரும் சேர்ந்து சியரா கிளப் இதழில் முன்னேறுபவரைப் பிடிப்பது பற்றி எழுதினார்கள். 1950இல் அமெரிக்க ஆல்பைன் இதழில் வெக்ஸ்லர் தனியாகப் பிலேயின் கோட்பாட்டை எழுதினார். விழுவது பற்றிய பேச்சு முதன்முறையாக முழுக் கணக்காக மாறியது அப்போதுதான்.

அவர் காட்டியது என்ன? விழும் உடம்பிடம் இருக்கும் ஆற்றல், விழுந்த தூரத்தைப் பொறுத்தது. அந்த ஆற்றலை விழுங்கும் சக்தி கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. நீளமான கயிறு என்றால் நீள்வதற்கு நிறைய இடம். இரண்டையும் வகுத்தால் உண்மையான நீளங்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன. மிஞ்சுவது ஒரு விகிதம் மட்டுமே: விழுந்த தூரத்தை, அதைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்தது. கயிற்றில் வரும் அதிகபட்ச விசையை அந்த விகிதமே தீர்மானிக்கிறது.

இதன் விளைவு நம் பொதுப்புத்திக்கு நேர் எதிரானது. இருபது மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது நாற்பது மீட்டர் விழுவதும், இரண்டு மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது நான்கு மீட்டர் விழுவதும் கயிற்றைப் பொறுத்தவரை ஒன்றுதான். இரண்டிலும் விகிதம் 2. அதே நான்கு மீட்டர் வீழ்ச்சி, இருபது மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது நடந்தால் விகிதம் வெறும் 0.2. உயரமான சுவரின் நடுவில் ஒரு திண்டில் நின்று பிடித்துக்கொண்டிருக்கும் நண்பனைத் தாண்டி முதல் இரண்டு மூன்று மீட்டர் ஏறும்போதுதான் கயிற்றுக்கு மிக மோசமான அடி காத்திருக்கிறது. மேலே போகப் போக அது குறைகிறது. பயம் மட்டும் அதற்கு நேர்மாறாகக் கூடிக்கொண்டே போகும்.

1953இல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் உள்ளே இழைக்கட்டும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றைக் கொண்டுவந்தது. பின்னால் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு கயிறுகளுக்குத் தரம் நிர்ணயித்தது. 80 கிலோ எடை ஒன்றைக் கடுமையான விகிதத்தில் விழவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அப்படி ஐந்து வீழ்ச்சிகளையாவது கயிறு தாங்க வேண்டும். ‘விழாதே’ என்ற இடத்தில் ‘இந்த அளவுக்கு விழலாம்’ என்று எழுதப்பட்டது. நம் தொழிலில் சொன்னால், பிழையே வராத மென்பொருளை எழுதச் சொல்வதிலிருந்து, பிழை வந்தாலும் குலையாத மென்பொருளை எழுதச் சொல்வதற்கு மாறியது போல.

இரும்பு

கயிறு தாங்கினால் மட்டும் போதாது. அது மாட்டப்பட்டிருக்கும் பிடிமானமும் தாங்க வேண்டும். அந்தக் காலத்தில் பிடிமானம் என்றால் பிட்டான். பாறை வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கும் ஆணி. ஐரோப்பாவில் அதை மென்மையான இரும்பில் செய்தார்கள். அது வெடிப்பின் வளைவுக்கேற்ப நெளிந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பிடுங்கினால் கெட்டுப்போகும் என்பதால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

யோசமிட்டியின் கிரானைட்டில் இந்த மென்னிரும்பு மடங்கிப்போனது. சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஜான் சலாதே என்ற கொல்லர் கடினமான உருக்கில் பிட்டான் அடித்தார். 1947இல் ஆன்டன் நெல்சனுடன் அவர் லாஸ்ட் ஏரோ சிம்னியில் ஏறியது அந்தப் புது இரும்பை வைத்துத்தான். அவருக்கு அடுத்த தலைமுறையில் ஈவான் ஷுய்னார்ட். 1957இல் தானே கொல்லுப்பட்டறை வேலை கற்றுக்கொண்டு, பிட்டான்களை அடித்துக் காரின் பின்பெட்டியில் வைத்து ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார். 1960களின் நடுவில் டாம் ஃப்ராஸ்ட் என்ற விமானப் பொறியாளர் அவருக்குப் பங்காளியானார். ஃப்ராஸ்டும் யோசமிட்டியின் மிகச் சிறந்த ஏறிகளில் ஒருவர். இருவரும் சேர்ந்து, இருந்த ஒவ்வொரு கருவியையும் எடுத்து இன்னும் இலகுவாக, இன்னும் வலுவாக, இன்னும் எளிமையாக வரைந்தார்கள். 1970 வாக்கில் அமெரிக்காவிலேயே அதிகம் பாறைக் கருவி விற்பவர்கள் அவர்கள்தான்.

நல்ல கருவிதான் சிக்கலையும் கொண்டுவந்தது. மென்னிரும்பு ஒரு முறை அடித்தால் அதோடு சரி. கடின உருக்கு அப்படியல்ல. அடிக்கலாம், பிடுங்கலாம், அடுத்த வெடிப்பில் மறுபடி அடிக்கலாம். பின்னால் வருகிறவரும் அதே இடத்தில் அதையே செய்வார். ஏறுகிறவர்கள் சில பேராக இருந்தவரை பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கியதும் வெடிப்புகள் உடைந்து அகலமாயின. யோசமிட்டியில் ‘செரினிட்டி கிராக்’ என்ற வழியின் முதல் பகுதியில் இன்று விரல்களை வைக்கும் குழிகள் பெரும்பாலும் பிட்டான் தோண்டிவைத்தவை. ‘அமைதி’ என்று பெயர். உள்ளே சுத்தியலின் தழும்பு.

1972இல் ஷுய்னார்டும் ஃப்ராஸ்டும் வெளியிட்ட விற்பனைப் பட்டியல் இதனால்தான் இந்த வரலாற்றில் முக்கியமாகிறது. அவர்களின் வியாபாரத்தின் முதுகெலும்பே பிட்டான். பட்டியலின் முன்பக்கத்திலேயே பிட்டான் பாறையை அழிக்கிறது என்று எழுதினார்கள். டக் ராபின்சன் என்ற ஏறி, சுத்தியலே இல்லாமல் ஏறுவது பற்றி எழுதிய 14 பக்கக் கட்டுரையையும் சேர்த்தார்கள். மாற்றாக அவர்கள் கொடுத்தது நட்டுகள். வெடிப்பு கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் கையால் செருகி வைக்கும் உலோகத் துண்டு. இழுத்தால் இன்னும் இறுகும். பின்னால் வருகிறவர் விரலால் தட்டி எடுத்துக்கொள்வார். பாறையில் தடம் இருக்காது.

இது அவர்கள் கண்டுபிடித்ததில்லை. வேல்ஸில் ஏறியவர்கள், ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த திருகு நட்டுகளைப் பொறுக்கி, நடு ஓட்டையில் கயிறு கோத்துப் பயன்படுத்திவந்தார்கள். 1961இல் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் இதற்கென்றே ‘ஏக்கார்ன்’ என்ற நட்டைச் செய்தார். ஷுய்னார்டும் ஃப்ராஸ்டும் அந்த யோசனையை எடுத்து அளவு அளவாக வரிசைப்படுத்தினார்கள். சில மாதங்களில் பிட்டான் விற்பனை சரிந்தது. செய்யச் செய்ய நட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தயாரிப்பை, அது செய்யும் சேதத்துக்காகத் தானே நிறுத்தத் தொடங்கிய கம்பெனிகள் எத்தனை? என் துறையில் எனக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சுருள்

நட்டுக்கு ஒரு போதாமை இருந்தது. வெடிப்பு குறுகினால்தான் அது நிற்கும். யோசமிட்டியில் கிரானைட் பிளந்திருக்கும் விதம் வேறு. ரம்பத்தால் அறுத்தது போல இரண்டு பக்கமும் இணையாக, பல மீட்டர்களுக்கு ஒரே அகலத்தில் போகும் வெடிப்புகள் அங்கே ஏராளம். அதற்குள் எதை வைத்தாலும் வழுக்கிக்கொண்டு கீழே வரும். சுத்தியலும் கூடாது, நட்டும் நிற்காது என்றால் என்ன செய்வது?

விடை ஏற்கெனவே ஒரு ரஷ்யரிடம் இருந்தது. விட்டாலி அபலகோவ், 1906இல் பிறந்தவர், பொறியாளர், சோவியத் மலையேற்றத்தின் பெரிய பெயர். 1936இல் கான் தெங்ரி சிகரத்தில் பனிக்கடியில் விரல்களின் பகுதிகளையும் காலின் ஒரு பகுதியையும் இழந்தார். 1938இல் ஸ்டாலினின் களையெடுப்பில் கைதாகி 1940இல் வெளியே வந்தார். அதற்குப் பிறகும் ஏறினார், கருவிகள் செய்தார். பனிச்சுவரில் இரண்டு துளைகளைச் சாய்வாகத் துளைத்து உள்ளே சந்திக்கவைத்துக் கயிறு கோக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் செய்த இன்னொன்று, ஒரு பக்கம் வளைந்த உலோகத் துண்டு. இழுத்தால் வெடிப்புக்குள் சுழலும், சுழன்றால் அகலமாகும், அகலமானால் இறுகும். அந்த வளைவு கணிதத்தில் மடக்கைச் சுருள் எனப்படுவது.

இந்தச் சுருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நத்தை ஓட்டில் பார்ப்போமே, வெளியே போகப் போக விரிந்துகொண்டே போகும் வடிவம். அதன் சிறப்பு, மையத்திலிருந்து எங்கே ஒரு கோடு போட்டாலும் அது சுருளை ஒரே கோணத்தில் வெட்டும். சிறிய சுற்றிலும் அதே கோணம், பெரிய சுற்றிலும் அதே கோணம். ஜேக்கப் பெர்னூலி இதில் மயங்கி, தன் கல்லறையில் இதைச் செதுக்கச் சொல்லிவிட்டுப் போனார். 1705இல் அவர் இறந்தபோது பாசெல் நகரத்துக் கல்தச்சர் செதுக்கியது ஆர்க்கிமிடீஸ் சுருள். சுற்றுகளுக்கிடையே சம இடைவெளி இருக்கும் வேறு சுருள் அது. அழகில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கல்லறையில் இருக்கும் சுருளை வைத்து ஒரு பாறைப் பிடிமானம் செய்தால், வெடிப்பின் அகலம் மாறும்போதெல்லாம் பிடிக்கும் கோணமும் மாறும். ஓர் அகலத்தில் நிற்பது இன்னோர் அகலத்தில் நழுவும்.

மடக்கைச் சுருளில் அந்தக் கவலை இல்லை. கணக்கும் எளியது. எதிரெதிராக இரண்டு சுருள் துண்டுகள், நடுவில் ஓர் அச்சு. அச்சைக் கீழே இழுத்தால் துண்டுகள் இரண்டு சுவரையும் வெளிப்புறமாகத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதை அந்தக் கோணம் மட்டுமே சொல்லும். கோணம் 13.75 டிகிரி என்று வைத்தால், நீங்கள் இழுக்கும் விசையைப் போல இரண்டு மடங்கு விசை ஒவ்வொரு சுவர் மேலும் விழும். உராய்வுக் குணகம் 0.25ஐ ஒட்டி இருந்தால் போதும், நிற்கும். அலுமினியத்துக்கும் கிரானைட்டுக்கும் இடையே அதைவிட அதிகமாகவே உராய்வு உண்டு. கோணத்தைக் கூட்டினால் ஒரே கருவி நிறைய அகலங்களுக்குப் பொருந்தும், ஆனால் பிடி தளரும். குறைத்தால் பிடி இறுகும், ஆனால் பொருந்தும் அகலங்கள் குறையும். ஏதோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொண்டாக வேண்டும்.

அந்தச் சமரசத்தை 13.75இல் வைத்தவர் ரே ஜார்டின். 1944இல் பிறந்தவர். விமான, விண்வெளிப் பொறியியல் படித்துவிட்டு டென்வரில் மார்ட்டின் மரியெட்டா நிறுவனத்தில் விண்பயண இயக்கவியலைக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் வேலை. அந்த வேலையை இள வயதிலேயே விட்டுவிட்டுப் பாறைக்கு வந்தார். அவருக்கு முன்பே கிரெக் லோ, அபலகோவின் யோசனையில் ஸ்பிரிங் சேர்த்து 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஜார்டின் செய்தது, நான்கு சுருள் துண்டுகளை எதிரெதிர் ஜோடிகளாக ஒரே அச்சில் கோத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசையவிட்டு, கீழே ஒரு விசைக்கட்டை வைத்தது. சிரிஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்து இரண்டு விரலால் கட்டையை இழுத்தால் நான்கு துண்டுகளும் சுருங்கும். வெடிப்புக்குள் வைத்து விட்டால் விரிந்து பற்றிக்கொள்ளும். ஒரு கை போதும், இரண்டு நொடி போதும். மறு கையில் நீங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நொடிக்கு என்ன மதிப்பு என்று ஏறியவர்களுக்குத் தெரியும்.

பல வருடங்கள் அதை ரகசியமாக வைத்திருந்தார். பையில் மறைத்துக்கொண்டு போவாராம். மற்றவர்கள் முன்னிலையில் பெயர் சொல்ல முடியாமல், கூட வந்த ஒருவர் “ஃப்ரெண்ட்ஸை எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டதாகவும், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. ஜார்டினுக்குத் தெரிந்த பிரிட்டிஷ் ஏறி மார்க் வாலன்ஸ் இதைத் தயாரிப்பதற்காகவே வைல்ட் கன்ட்ரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் ஃப்ரெண்ட்ஸ் கடைக்கு வந்தது. அமெரிக்கக் காப்புரிமை 1980 ஜனவரியில் கிடைத்தது.

முதல் முறை ஒன்றைக் கையில் வாங்கி விசையை இழுத்துப் பார்த்தபோது எனக்கு ஏதோ நன்றாக எழுதப்பட்ட ஒரு ஃபங்ஷனைப் படித்த மாதிரி இருந்தது. உள்ளீடு வெடிப்பின் அகலம். வெளியீடு எப்போதும் ஒரே கோணம். சிறப்பு நிலை எதற்கும் தனியாக ‘இஃப்’ போட வேண்டியதில்லை. பாறையிடம் அது எதையும் கேட்பதும் இல்லை. எந்த அகலமோ அதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வெளியே எடுத்தால் பாறை பழையபடியே இருக்கிறது.

டிபக்

ஜார்டினின் இன்னொரு கண்டுபிடிப்பு உலோகத்தில் செய்தது இல்லை. அன்றைய யோசமிட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்துவிட்டால் கீழே இறங்கித் தரையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கயிற்றில் தொங்கியபடி ஓய்வெடுத்துவிட்டு, விழுந்த இடத்திலிருந்தே முயல்வது ஏமாற்று வேலை. ஜார்டின் அதைத்தான் செய்தார். விழுந்தார், தொங்கினார், கடினமான அசைவை மட்டும் பத்து முறை, இருபது முறை செய்து பார்த்தார். எந்த விரல் எந்த வளைவில் என்று கண்டுபிடித்தார். எல்லாம் தெளிவான பிறகு அடியிலிருந்து ஒரே மூச்சில் விழாமல் ஏறினார். 1977இல் அவர் ஏறிய ‘ஃபீனிக்ஸ்’, அமெரிக்காவில் 5.13 என்ற தரத்தை எட்டிய முதல் வழிகளில் ஒன்று.

மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹேங்டாக்’, தொங்கும் நாய். எனக்கென்னவோ அதில் ஒரு புரோகிராமரின் பழக்கம்தான் தெரிகிறது. ஆயிரம் வரி நிரலில் எழுநூறாவது வரியில் பிழை வந்தால், ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தா படிப்போம்? அங்கேயே நிறுத்தி, மாறிகளைப் பார்த்து, அந்த ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவோம். விண்கலப் பாதையைக் கணினியில் ஆயிரம் முறை விழவைத்துப் பார்த்த ஒருவருக்கு, கயிற்றில் பத்து முறை விழுவது அவமானமாகத் தோன்றியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் கர்ட் ஆல்பர்ட் என்ற கணித, இயற்பியல் ஆசிரியரும் வேறு பாதையில் இங்கேதான் வந்து சேர்ந்தார். எந்தக் கருவியையும் பிடித்துத் தொங்காமல் தன்னால் முழுக்க ஏற முடிந்த வழிகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். எத்தனை முறை விழுந்து பழகினாலும் சரி, கடைசியில் ஒரு முறை விழாமல் முழுதாக ஏறினால் அது உன்னுடையது. இன்று உலகம் முழுக்கக் கடினமான வழிகளை இப்படித்தான் ஏறுகிறார்கள். தொங்கும் நாய் என்ற வசை ஒரு சாதாரணப் பயிற்சி முறையின் பெயராகிவிட்டது. கூடத்தில் இருபது முறை விழும் அந்தப் பத்து வயதுப் பெண் ஜார்டினின் பேத்தி முறை.

உளி

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஜார்டின் ஒரு நாயகன். முடியவில்லை.

யோசமிட்டியின் எல் கேப்பிட்டன் ஏறக்குறைய 900 மீட்டர் உயரக் கிரானைட் சுவர். அதன் நடு மூக்கில் போகும் வழிக்குப் பெயரே ‘நோஸ்’. 1958இல் வாரன் ஹார்டிங்கின் குழு மொத்தம் 47 நாள்கள் சுவரில் செலவழித்து, ஆணியும் போல்ட்டும் அடித்து, அவற்றைப் பிடித்துத் தொங்கி மேலே சேர்ந்தது. அதையே கருவியைப் பிடித்து இழுக்காமல், கைகால்களால் மட்டும் ஏற முடியுமா? 1980களின் தொடக்கத்தில் ஜார்டின் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஃப்ரெண்ட்ஸ் இருந்தது, விழுந்து பழகும் முறை இருந்தது. ஆனால் ஓரிடத்தில் பிடியே இல்லாத வழவழப்பான சுவர் குறுக்கே வந்தது. அதைக் கடந்து பக்கவாட்டில் போனால் அடுத்த வெடிப்பு.

அவர் உளியை எடுத்தார். விரல் நுனி பிடிக்கும் அளவுக்குப் பாறையில் குழிகள் செதுக்கினார். ஏறியவர்கள் கொதித்துப் போனார்கள். கொஞ்ச நாளில் அவர் அந்த முயற்சியையே கைவிட்டார். பிறகு பாறையையும் விட்டார். கடல் பக்கம் போய்ப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார். மிகக் குறைந்த சுமையுடன் நெடுந்தூரம் நடப்பது பற்றி எழுதி அங்கேயும் ஒரு தலைமுறையையே மாற்றினார். செதுக்கிய இடம் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஜார்டின் டிராவர்ஸ் என்று பெயர்.

இந்த மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது? பாறையில் கீறல் விழாமல் ஏறுவதற்கு மனிதகுலத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவியைச் செய்தவரும், பாறையில் உளி வைத்தவரும் ஒரே ஆள். இதில் முரண்பாடு இருப்பதாகப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. இரண்டையும் செய்தது ஒரே மூளை. இணையான வெடிப்பில் எதுவும் நிற்கவில்லையா? தீர்வு கண்டுபிடி. வழவழப்பான சுவரில் கைவைக்க இடமில்லையா? தீர்வு கண்டுபிடி. ‘இதற்குத் தீர்வு வேண்டியதில்லை, இது இப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லும் பாடம் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இல்லை. நான் படித்த கல்லூரியிலும் இருந்ததில்லை. அந்த முடிவை எடுக்க, தன் துறைக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று ஒரு பொறியாளனுக்குத் தேவைப்படுகிறது. 1972இல் ஃப்ராஸ்டிடம் அது இருந்தது. அவரும் பொறியாளர்தான், அவருக்கும் ஒரு தொழில் இருந்தது, காப்பாற்ற வேண்டிய வருமானம் இருந்தது.

1993இல் லின் ஹில் நோஸ் வழியைக் கருவியைப் பிடித்து இழுக்காமல் ஏறினார். அப்படி ஏறிய முதல் மனிதர் அவர். மறு வருடம் அதையே 24 மணி நேரத்துக்குள் செய்தார். உச்சிக்கு அருகே ‘சேஞ்சிங் கார்னர்ஸ்’ என்ற பகுதியில் ஏறக்குறைய எந்தப் பிடியும் இல்லை. இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் முதுகு, உள்ளங்கை, பாதம் என்று உடம்பையே மாற்றி மாற்றி அழுத்தி, திருகி, அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். வழி இல்லை என்று அங்கே யாராவது உளி வைத்திருந்தால் அந்த அசைவுகள் என்றைக்கும் உலகத்துக்குத் தெரிந்திருக்காது. அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும்: கீழே ஜார்டின் செதுக்கிய குழிகளின் வழியாகத்தான் ஹில்லும் போனார்.

சுவர்

இன்று பொறியாளர்களும் புரோகிராமர்களும் பாறையேற்றத்துக்குக் கொண்டுவரும் பெரும்பாலான வேலை கூடத்துக்குள் நடக்கிறது. அங்கே பிடி ஒவ்வொன்றையும் நாம்தான் வைக்கிறோம், எனவே உளியின் குற்ற உணர்வு இல்லை. ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன் 2005இல் தொடங்கிய மூன்போர்டு இதற்கு நல்ல உதாரணம். 40 டிகிரி முன்சாய்ந்த பலகை, அதில் 11 நெடுவரிசை, 18 கிடைவரிசை. பிடிகளின் வடிவம், இடம், திசை எல்லாமே உலகம் முழுக்க ஒன்று. ஒரு வழி என்பது இங்கே சில ஆயங்களின் பட்டியல் மட்டுமே. எங்கோ ஒருவர் செயலியில் ஏற்றும் வழி, நம் ஊர்ப் பலகையில் எல்.இ.டி. விளக்குகளாக எரியும். பாறை முழுக்கத் தரவாகிவிட்ட நிலை இது.

இந்தத் தரவை வைத்துச் செய்ததில் எனக்குப் பிடித்தது ‘ஸ்ட்ரேஞ்ச் பீட்டா’. காலெப் ஃபிலிப்ஸ், லீ பெக்கர், எலிசபெத் பிராட்லி ஆகியோர் எழுதி 2012இல் வெளியான ஆய்வு. ஏறும் வழியைக் குறித்துவைக்க ஒரு சிறு மொழியை உருவாக்கினார்கள். பிறகு, பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற படத்துக்குப் பேர்போன லாரன்ஸ் சமன்பாடுகளின் ஒழுங்கின்மையைக் கொண்டு, இருக்கும் வழியின் அசைவுகளைக் குலைத்துக் கலைத்துப் புது மாறுபாடுகளை எடுத்தார்கள். குலைந்த இடங்களைச் சீராக்க இயந்திரக் கற்றல். முக்கியமானது, கணினி கொடுத்ததை அப்படியே சுவரில் ஏற்றவில்லை. அனுபவமுள்ள வழி அமைப்பாளர்கள் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு வழி அமைத்தார்கள். உண்மையான கூடத்தில், உண்மையான ஏறிகளிடம் காட்டியபோது, கணினி உதவியின்றி அமைத்த வழிகளுக்கு அவை குறைந்தவையாக இல்லை. சிலவற்றில் மேலாகவே இருந்தன. முடிவெடுக்கும் உரிமையை மனிதரிடம் விட்டுவிட்டு அவருடைய கற்பனையை மட்டும் கொஞ்சம் தட்டி எழுப்பிய நிரல் அது.

ஆனால் பலகையில் பழகிப் பழகிப் பாறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பலகையில் பிடிக்க முடியாத பிடியைக் கழற்றிக் கொஞ்சம் பெரியதாக மாட்டிவிடலாம். கோட்டில் கமிட் தவறென்றால் ரிவர்ட் பண்ணிவிடலாம். கிரானைட்டில் அந்தக் கட்டளை இல்லை. வெடிப்பின் விளிம்பு உடைந்தால் உடைந்ததுதான். குழி செதுக்கினால், அதை எதை வைத்து நிரப்பினாலும் அது நிரப்பிய குழிதான்.

அதனால் இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். பாறைக்கு முன்னால் நின்று ‘இதை எப்படித் தீர்ப்பது’ என்று மூளை ஓடத் தொடங்கும்போது, இன்னொரு கேள்வியையும் கூடவே ஓட்டிப் பார்க்கிறேன்: நான் போன பிறகு இங்கே என்ன மிச்சமிருக்கும்? நட்டுக்கும் ஃப்ரெண்டுக்கும் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. பிட்டானுக்கும் உளிக்கும் இல்லை. வேலை நாள்களில் எழுதும் நிரலுக்கு என்ன பதில் என்று யோசித்தால் திங்கள்கிழமை கொஞ்சம் சங்கடமாகத்தான் தொடங்குகிறது.

ஃப்ரெண்ட்ஸின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்று பல நாடுகளில் பல நிறுவனங்கள் அதன் பேரன் பேத்திகளைச் செய்கின்றன. எல் கேப்பிட்டனில் ஒவ்வொரு பருவத்திலும் யாராவது அவற்றை இடுப்பில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். வெடிப்பில் வைப்பார்கள், பின்னால் வருகிறவர் எடுத்துவிடுவார், தடம் இருக்காது. அப்படியே ஏறிவந்து ஜார்டின் டிராவர்ஸை அடைந்ததும், அதே மனிதர் செதுக்கிய குழிகளில் விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்து போவார்கள்.